லத்தியோடு நின்றவர்கள்

மும்பை சிஎஸ்டி (சத்ரபதி சிவாஜி டெர்மினஸ்) ரயில் நிலையத்தின் முதலாம் நடைமேடைப் பக்கமிருந்து, டைம்ஸ் ஆஃப் இந்தியா கட்டடத்தை ஒட்டிய சந்துக்கு இறங்கும் நடைபாலம் ஒன்று இருந்தது. எனக்கு அப்போது ஆபீஸ் தோபி தலாவ் பக்கம். வடாலாவிலிருந்து ஹார்பர் லைன் லோக்கலில் வந்து இறங்கினால் அந்தப் பாலம்தான் குறுக்கு வழி. காலையில் பத்து நிமிஷம் மிச்சமாகும்.

2008 நவம்பர் 26 பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு அந்தப் பாலத்துக்கு ஒரு பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. கசாப் பாலம். அன்றிரவு கசாப் உட்பட இரண்டு பேர் ஸ்டேஷனுக்குள் சுட்டுவிட்டு அந்த வழியாகத்தான் வெளியேறினார்கள் என்பதால் அந்தப் பெயர். கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள், டாக்ஸிக்காரர்கள் சொன்னார்கள், பத்திரிகைகளே எழுதின. 2019 மார்ச்சில் அது இடிந்து விழுந்து ஆட்கள் செத்தபோதும் செய்திகளில் அந்தப் பெயர் வந்தது. கொலைகாரன் பெயரை ஒரு பாலத்துக்கு யாரும் தீர்மானம் போட்டு வைக்கவில்லை, தானாக வந்துவிட்டது என்பது தெரியும். ஆனாலும் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் மண்டும். அதே ஸ்டேஷனில், அதே இரவில், சுடுகிறவர்களை எதிர்த்துப் போய் உயிரை விட்ட ரயில்வே போலீஸ் இன்ஸ்பெக்டர் ஷஷாங்க் ஷிண்டேயின் பெயரை அந்தப் பாலத்தில் தினமும் நடந்த எத்தனை பேருக்குத் தெரியும்?

அன்றைக்கு முதலில் போய் நின்றவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய அதிகாரிகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், எழுதவும் வேண்டும். எனக்கு மனசில் நிற்பவர்கள் இன்னும் கீழே இருந்தவர்கள். அன்றைக்கு அந்த இடத்தில் டியூட்டி விழுந்தது, அதனால் அங்கே இருந்தார்கள்.

அது ஒரு புதன்கிழமை. நான் வழக்கம்போல எட்டரை வாக்கில் ரயிலைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது டிவியில் கீழே ஓடும் வரியில் கொலாபாவில் துப்பாக்கிச் சூடு என்று வந்தது. முதலில் எல்லாரும் தாதா கும்பல்களுக்குள் சண்டை என்றுதான் நினைத்தோம். மும்பையில் வளர்ந்தவர்களுக்கு அதுதான் முதலில் தோன்றும். அப்பா கூட, "ரெண்டு கோஷ்டி மோதியிருக்கும், காலையில சரியாயிடும்மா" என்றார். கொஞ்ச நேரத்தில் சிஎஸ்டி என்றார்கள். அப்புறம் தாஜ், ஓபராய் ஹோட்டல்கள். அப்புறம் விலே பார்லேயில் ஒரு டாக்ஸி வெடித்தது என்றார்கள். இது கோஷ்டிச் சண்டை இல்லை என்று புரிந்தபோது அப்பா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து வாசல் கதவைத் தாழ் போட்டார். எங்கள் சாலில் (ஒட்டி ஒட்டி வீடுகள் உள்ள மும்பைக் குடியிருப்பு) அந்த நேரத்துக்கு யாரும் கதவை மூடுவதில்லை.

என் ஆபீஸ் தோழி ஒருத்தி மாதக் கணக்கு முடிக்க வேண்டும் என்று அன்று தங்கிவிட்டாள். அவளுக்கு போன் போட்டேன். குரலே வரவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. வாட்ச்மேன் ஷட்டரை இறக்கி விளக்கை எல்லாம் அணைத்துவிட்டாராம். மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறோம், மெட்ரோ தியேட்டர் பக்கம் சுடுகிற சத்தம் கேட்கிறது, போன் பண்ணாதே, மெசேஜ் பண்ணு என்றாள். அவள் கேட்ட சத்தம் என்ன என்பது எங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது. போலீஸ் குவாலிஸ் வண்டியைப் பறித்துக்கொண்டு போனவர்கள் மெட்ரோ சந்திப்பில் நின்ற கூட்டத்தின் மீது சுட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள். கான்ஸ்டபிள் அருண் சித்தே அங்கேதான் இறந்தார்.

சிஎஸ்டியில் நடந்ததைப் புரிந்துகொள்ள அந்த ஸ்டேஷனின் அமைப்பு கொஞ்சம் தெரிய வேண்டும். அது உண்மையில் ஒட்டிப்பிறந்த இரண்டு ஸ்டேஷன்கள். ஒரு பக்கம் லோக்கல் ரயில்களுக்கான ஏழு நடைமேடைகள். இன்னொரு பக்கம் வெளியூர் வண்டிகள். வெளியூர்ப் பக்கத்தில் பெரிய கூடம் ஒன்று உண்டு. உத்தரப் பிரதேசத்துக்கும் பீகாருக்கும் போகிற ஜனங்கள் வண்டிக்கு நாலைந்து மணி நேரம் முன்னாலேயே வந்து, தரையில் துணி விரித்து, மூட்டைக்கு மேல் தலை வைத்துப் படுத்திருப்பார்கள். குழந்தைகள் ஓடி விளையாடும். அந்தக் கூடத்தில்தான் ஒன்பதரை மணிக்கு மேல் ஏகே 47 வெடிக்க ஆரம்பித்தது. சிஎஸ்டியில் மட்டும் 58 பேர் இறந்தார்கள். அன்று தொடங்கி 29ஆம் தேதி காலை வரை நகரம் முழுக்க இறந்தவர்கள் 166 பேர். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே அந்த ஒரு ஸ்டேஷனில். டிவி கேமராக்கள் மூன்று நாளும் தாஜின் கோபுரத்தையே காட்டிக்கொண்டிருந்ததால், இதைச் சொன்னால் இன்றைக்கும் பலர் அப்படியா என்கிறார்கள்.

லோக்கல் பக்கத்தில் கண்ணாடி போட்ட அறிவிப்பாளர் அறை ஒன்று, கூட்டத்தைப் பார்த்தபடி மேலே இருந்தது. அன்று அதில் உட்கார்ந்திருந்தவர் விஷ்ணு ஜெண்டே. ரயில்வேயில் அறிவிப்பாளர். நான் தினமும் கேட்ட குரல் அவருடையதாகவும் இருந்திருக்கும், முகம்தான் தெரியாது. முதலில் ஏதோ குண்டு வெடித்ததென்று நினைத்து ரயில்வே போலீஸை வெளியூர் நடைமேடைப் பக்கம் போகச் சொல்லி அறிவித்தவர், துப்பாக்கியோடு வருகிறவர்களைப் பார்த்ததும் பயணிகள் பக்கம் திரும்பினார். அந்த நேரத்தில் லோக்கல் ரயில்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு வண்டியிலிருந்தும் நூற்றுக்கணக்கான பேர் இறங்கி, என்ன நடக்கிறதென்று தெரியாமல், வெளியூர்க் கூடத்தைப் பார்த்து நடக்கப் போகிறார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள், பின்பக்கமாக வெளியே போங்கள் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார் ஜெண்டே. அறையின் மீதும் சுட்டார்கள். அப்போதும் அவர் எழுந்து போகவில்லை. அவர் பிழைத்துவிட்டார். அன்றைக்கு அந்தக் குரலால் எத்தனை பேர் வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியாது. நான் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியிருந்தால் நானும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டுதான் ஓடியிருப்பேன்.

கீழே ரயில்வே பாதுகாப்புப் படையின் ஜில்லு யாதவ். அவரிடம் துப்பாக்கி இல்லை. பக்கத்தில் நின்ற போலீஸ்காரரின் ரைஃபிளை வாங்கிச் சுட்டார். குண்டு தீர்ந்ததும் கையில் கிடைத்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி எறிந்தார். தானியங்கித் துப்பாக்கியின் முன்னால் நாற்காலி! அவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? சுடுகிறவனின் கவனம் ஒரு நொடி திரும்பினால் அந்த ஒரு நொடியில் யாராவது ஒருவர் தூணுக்குப் பின்னால் போய்விட முடியும். இன்ஸ்பெக்டர் ஷிண்டே நடைமேடையிலேயே சுடப்பட்டார். கான்ஸ்டபிள் அம்பாதாஸ் பவாரும் சிஎஸ்டியில்தான் உயிரை விட்டார். அடிபட்டவர்களைச் சரக்குத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பக்கத்திலிருந்த செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு ஓடியவர்களில் ஸ்டேஷன் வாசலில் டீ விற்கிறவரும் இருந்தார்.

அன்று போலீஸ்காரர்கள் சிலர் சுடாமல் ஒதுங்கி நின்றார்கள் என்று அப்புறம் பேச்சு வந்தது. பேசியவர்கள் ஒன்றை யோசித்திருக்கலாம். அவர்கள் கையில் இருந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்து மாதிரியான .303 ரைஃபிள், ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துவிட வேண்டும். பலர் கையில் லத்திதான். சுட்டுப் பழக வருஷத்துக்கு எத்தனை ரவை கொடுத்தோம் அவர்களுக்கு? ஒதுங்கி நின்றவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதனாலேயே ஒதுங்காமல் போனவர்கள் என் கண்ணுக்கு இன்னும் பெரியவர்களாகத் தெரிகிறார்கள்.

பாலத்தைத் தாண்டினால் காமா ஆஸ்பத்திரி. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான பழைய அரசு ஆஸ்பத்திரி. அங்கே பிரசவத்துக்கு முந்தைய வார்டில் இரவுப் பணியில் இருந்த நர்ஸ் அஞ்சலி குல்தே, தன் பொறுப்பில் இருந்த 20 கர்ப்பிணிகளை ஒரு சின்ன அறைக்குள் கொண்டுபோய் அடைத்துக் காப்பாற்றினார். அதில் ஒரு பெண்ணுக்கு அந்த நேரம் பார்த்து வலி கண்டுவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டே படியேறி அவளைப் பிரசவ அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார் அஞ்சலி. அதே கட்டடத்தில் துப்பாக்கிச் சூடு நடந்துகொண்டிருக்கும்போது. பிறகு கோர்ட்டில் சாட்சி சொன்னார், 2022 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவையின் முன்பும் பேசினார். போலீஸ், தீயணைப்பு என்று நாம் சொல்லும் பட்டியலில் நர்ஸ்களும் வார்டு ஆட்களும் ஏனோ விட்டுப்போகிறார்கள். காமாவின் காவலாளிகள் இரண்டு பேர் அன்று இறந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் பிரகாஷ் மோரேயும் அங்கேதான் இறந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ரங்பவன் சந்து. பயங்கரவாத எதிர்ப்புப் படைத் தலைவர் ஹேமந்த் கர்க்கரே, கூடுதல் கமிஷனர் அசோக் காம்டே, இன்ஸ்பெக்டர் விஜய் சாலஸ்கர் மூவரும் சென்ற குவாலிஸ் அங்கேதான் சுடப்பட்டது. இதை எல்லாரும் அறிவார்கள். வண்டியில் இருந்தவர்கள் ஏழு பேர். இறந்தவர்கள் ஆறு பேர். மூன்று பெயர்கள் நாடு முழுக்கத் தெரியும். மற்ற மூவர் பாலாசாகேப் போஸ்லே, ஜெய்வந்த் பாட்டீல், யோகேஷ் பாட்டீல். ஏழாவது ஆள் கான்ஸ்டபிள் அருண் ஜாதவ். கையில் குண்டுபட்டு, துப்பாக்கியைத் தூக்க முடியாமல், இறந்துபோன சகாக்களின் உடலுக்கு அடியில் அசையாமல் கிடந்தார். கொன்றவர்கள் அதே வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்கள், அவர் பின்னால் கிடப்பது தெரியாமல். டயர் போய் அவர்கள் வேறு காரைப் பறித்துக்கொண்டு இறங்கிய பிறகு, வயர்லெஸ்ஸில் நடந்ததைச் சொன்னது அவர்தான்.

அவர்கள் பறித்தது ஒரு ஸ்கோடா. அது கிர்காவ் சௌபாத்தி கடற்கரைக்கு வந்தபோது தடுப்பு போட்டு நின்றது டி.பி. மார்க் ஸ்டேஷன் போலீஸ். அதில் ஒருவர் துக்காராம் ஓம்ப்ளே. உதவி சப்-இன்ஸ்பெக்டர், சத்தாரா மாவட்டத்துக் கிராமத்துக்காரர், ராணுவத்தில் இருந்துவிட்டு போலீஸுக்கு வந்தவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். கையில் லத்தி. கார் திரும்ப முயன்று மாட்டிக்கொண்டது. ஓட்டி வந்தவன் சுட்டுக் கொல்லப்பட்டான். இன்னொருவன் சரணடைவதுபோல இறங்கித் துப்பாக்கியைத் தூக்கினான். ஓம்ப்ளே பாய்ந்து அந்த ஏகே 47இன் குழலைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். விசை அழுத்தப்பட்டது. குண்டுகள் அத்தனையும் அவர் உடம்புக்குள் போயின. அவர் பிடியை விடவில்லை. பின்னால் இருந்த போலீஸ்காரர்கள் லத்தியால் அடித்து அவனை உயிரோடு பிடித்தார்கள்.

தாக்க வந்த பத்து பேரில் உயிரோடு பிடிபட்டது அஜ்மல் கசாப் ஒருவன்தான். எங்கிருந்து வந்தார்கள், எப்படிக் கடல்வழி வந்தார்கள், யார் அனுப்பினார்கள் என்பதெல்லாம் கோர்ட்டில் நிறுவ முடிந்ததற்கு அவன் உயிரோடு இருந்தது பெரிய காரணம். அவனுக்கு வக்கீல் வைத்து, விசாரித்து, மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் வரை போய், 2012 நவம்பரில்தான் தூக்கு நிறைவேறியது. இந்த நாடு சட்டப்படி ஒரு வழக்கை நடத்திக் காட்டியது என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஓம்ப்ளே அந்தக் குழலைப் பிடித்திருக்காவிட்டால் அந்த வழக்கே இல்லை. அடுத்த குடியரசு தினத்தில் அவருக்கு அசோக சக்ரா கொடுத்தார்கள், கர்க்கரே, காம்டே, சாலஸ்கருக்கும் கொடுத்தார்கள். சௌபாத்தியில் அவருக்குச் சிலை இருக்கிறது. 2021இல் தானே, கல்யாண் பகுதியில் கண்டுபிடித்த ஒரு குதிக்கும் சிலந்தி வகைக்கு ஆராய்ச்சியாளர்கள் ஐசியஸ் துக்காராமி என்று பெயர் வைத்தார்கள். ஏதோ ஒரு ஆராய்ச்சி மேஜையில் யாரோ அவரை நினைத்திருக்கிறார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

எங்கள் சாலில் மூன்று வீடு தள்ளி ஒரு போலீஸ் குடும்பம். அவரை நாங்கள் காகா என்போம், அவர் மனைவியைக் காக்கூ. என்னைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவர்கள். காகா அப்போது கான்ஸ்டபிள். அன்றிரவு பத்து மணிக்குமேல் போன் வந்து, சட்டை பொத்தானைப் படிக்கட்டில் போட்டுக்கொண்டே ஓடினார். அவர்களுடைய சின்ன மகன் பின்னாலேயே போய் அவர் விட்டுப்போன தொப்பியைக் கொடுத்துவிட்டு வந்தான். அப்புறம் அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. கட்டிடத்தில் எல்லார் வீட்டு டிவியும் ஓடிக்கொண்டிருந்தது, அவர்கள் வீட்டில் மட்டும் காக்கூ அணைத்துவிட்டார். சமையலறையில் உட்கார்ந்து விடிய விடிய பூண்டு உரித்தார். அம்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவரும் உரித்தார். யாருக்கும் அவ்வளவு பூண்டு தேவையில்லை.

மறுநாள் மதியம் யாருடைய போனிலிருந்தோ பேசினார் காகா. கொலாபா பக்கம் கூட்டத்தைத் தடுத்து நிறுத்துகிற வேலை. முதல் நாள் மத்தியானம் சாப்பிட்டதுதான், அதற்குப் பிறகு தண்ணீரும் பிஸ்கட்டும். கடைகள் எல்லாம் அடைத்திருந்தன. அந்தப் பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் சிலர் டீ கொண்டுவந்து கொடுத்தார்களாம். மூன்று நாள் கழித்து, சனிக்கிழமை சாயங்காலம், வீட்டுக்கு வந்தார். ஷூவைக் கழற்ற முடியவில்லை, கால் அப்படி வீங்கியிருந்தது. காக்கூ கத்தரிக்கோலால் லேஸை வெட்டி எடுத்தார். அவர் பேசவில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டார், படுத்தார். ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் டியூட்டி.

அந்த மூன்று நாளில் நாங்களும் டிவிக்கு முன்னால்தான் இருந்தோம். தாஜின் ஜன்னல்களுக்கு ஏணி வைத்து மும்பை தீயணைப்புப் படையினர் ஆட்களை இறக்கியதைப் பார்த்தேன். முதல் இரவில் மட்டும் சுமார் 200 பேரை அப்படி இறக்கியதாகச் சொன்னார்கள். மேலே தீ, உள்ளே துப்பாக்கி, எறிகுண்டு. ஏணியின் உச்சியில் நிற்கிறவருக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. தாஜுக்குள் முதலில் நுழைந்த சின்ன போலீஸ் குழுவில் மாநில ரிசர்வ் போலீஸைச் சேர்ந்த ராகுல் ஷிண்டே இறந்தார். தேசியப் பாதுகாப்புப் படை மானேசரிலிருந்து விமானம் ஏற்பாடாகி வந்து சேர விடிந்துவிட்டது. விமான நிலையத்திலிருந்து அவர்களை மாநகர பெஸ்ட் பஸ்ஸில் ஏற்றி வந்தார்கள். தாஜில் மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணன் இறந்தார், வயது 31. யூத மையமான நரிமன் ஹவுஸில் ஹவல்தார் கஜேந்திர சிங் பிஷ்ட் இறந்தார். ஹெலிகாப்டரிலிருந்து கயிறு பிடித்துக் கமாண்டோக்கள் அந்தக் கூரையில் இறங்கியதை நாடே நேரலையில் பார்த்தது. உள்ளே இருந்தவர்களுக்குப் பாகிஸ்தானிலிருந்து போனில் உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தவர்களும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2012இல் உச்ச நீதிமன்றம் இந்த நேரலைகளைக் கடுமையாகக் கண்டித்தது. காக்கூவுக்கு எந்த நீதிமன்றமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வியாழக்கிழமையே என் அம்மாவிடம், "இதைக் காட்டலாமா? அங்க நிக்கிறவங்க எங்க வீட்டு ஆளுங்க" என்றார்.

ஏணியில் நின்ற தீயணைப்புக்காரர்களைப் பார்த்து அப்பா எழுந்து நின்றுவிட்டார். அவர் மும்பைத் துறைமுகத்தின் போர்ட் டிரஸ்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு மூத்த தொழிலாளிகள் சொல்லும் முதல் கதை 1944 ஏப்ரல் 14. விக்டோரியா டாக்கில் நின்ற ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பல். சுமார் 1400 டன் வெடிபொருளும் பருத்திப் பொதிகளும் ஒரே கப்பலில். மதியம் பருத்தியில் புகை. தீயணைப்பு வண்டிகள் வந்து தண்ணீர் அடிக்க ஆரம்பித்தன. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்த பிறகும் விலகிப் போகாமல் அடித்துக்கொண்டே இருந்தார்கள். நாலு மணிக்குக் கப்பல் வெடித்தது. தீயணைப்புப் படையில் மட்டும் 66 பேர் இறந்தார்கள். பைகுல்லாவில் தீயணைப்புத் தலைமையகத்தில் அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. அந்த நாள்தான் இன்றைக்கும் நாடு முழுக்கத் தீயணைப்பு தினம்.

ஏப்ரல் 14 என்றால் பெரும்பாலும் நமக்குச் சித்திரை முதல் நாள். எங்கள் வீட்டில் மாங்காய்ப் பச்சடி தாளித்து, பஞ்சாங்கத்தைப் பூஜையில் வைத்து, எல்லாரும் உட்காரும்போது அப்பா ஒரு நிமிஷம் நிற்கச் சொல்வார். சின்ன வயசில் எனக்குக் காரணம் புரியாது, வேப்பம்பூ வாசனையில் பசி வேறு. கொஞ்சம் வளர்ந்த பிறகு கேட்டேன். "அறுபத்தாறு பேர் ஓடிப்போயிருக்கலாம்மா. ஓடல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இப்போது அப்பா இல்லை. பழக்கம் இருக்கிறது. 2015 மே மாதம் கால்பாதேவியில் கோகுல் நிவாஸ் என்ற பழைய கட்டடம் தீப்பிடித்து இடிந்ததில் தலைமைத் தீயணைப்பு அதிகாரி சுனில் நேஸ்ரீகர் உட்பட நான்கு அதிகாரிகள் இறந்தார்கள். அதற்கடுத்த சித்திரையிலிருந்து அவர்களையும் சேர்த்து நிற்கிறோம்.

சனிக்கிழமை, சண்டை ஓய்ந்த அன்றே, கர்க்கரேயின் உடல் சிவாஜி பார்க் மயானத்துக்குப் போனது. தாதர் எங்களுக்குப் பக்கம். சாலிலிருந்து பலர் போனோம். அவ்வளவு கூட்டத்தில் தள்ளுமுள்ளு இல்லை. "அமர் ரஹே" என்று ஒருவர் ஆரம்பித்தால் தெரு முழுக்க வாங்கிக்கொண்டது. அடுத்த புதன்கிழமை கேட்வே ஆஃப் இந்தியாவில் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் மெழுகுவத்தியோடு கூடினார்கள். அரசியல்வாதிகள் மேல் அப்படி ஒரு கோபம். அதற்குப் பிறகு தேசியப் பாதுகாப்புப் படைக்குச் சென்னை, மும்பை உட்பட நான்கு நகரங்களில் மையங்கள் வந்தன. மகாராஷ்டிரம் ஃபோர்ஸ் ஒன் என்று தனிப்படை அமைத்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் அடுத்த முறை ஏதாவது நடந்தால், முதல் பதினைந்து நிமிஷம் அங்கே நிற்கப்போவது இவர்கள் யாரும் இல்லை. பெயர் தெரியாத ஒரு கான்ஸ்டபிளும், ஊர்க்காவல் படை ஆளும், வார்டு பாயும்தான். அவர்களுக்கு என்ன கொடுத்திருக்கிறோம்?

இந்தக் கேள்வியை விடாமல் கேட்டவர்கள் இறந்தவர்களின் மனைவிமார்கள். கர்க்கரே அணிந்திருந்த குண்டு துளைக்காத சட்டை ஆஸ்பத்திரியிலிருந்து காணாமலே போனது. அதன் தரம் எப்படி, அது எங்கே போனது என்று கவிதா கர்க்கரே கேட்டுக்கொண்டே இருந்தார். 2014இல் அவர் இறந்தார், உறுப்புகளைத் தானம் செய்தார்கள் பிள்ளைகள். வினிதா காம்டே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கட்டுப்பாட்டு அறையின் வயர்லெஸ் பதிவுகளை வாங்கி, உதவி கேட்ட நேரத்தையும் உதவி போன நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். துக்கத்திலும் கோபத்தை இப்படி வேலையாக மாற்றியவர்கள் அவர்கள். மாலை போடுவதைவிட இது பெரிய அஞ்சலி என்பேன்.

வேலை நேரமும் இதில் சேர்த்திதான். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, அதற்குமேல் ஒரு திருவிழா பந்தோபஸ்தும் பார்த்துவிட்டு வருகிற ஆளிடம் நாம் எந்தச் சுறுசுறுப்பை எதிர்பார்க்க முடியும்? 2016இல் தேவ்னார் காவல் நிலையத்தில் எட்டு மணி நேர ஷிஃப்டைச் சோதனையாக ஆரம்பித்தார்கள். அந்த யோசனையைக் கொடுத்ததே ஒரு கான்ஸ்டபிள். அந்தச் செய்தியைக் காக்கூ வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தார்.

போலீஸ் நினைவிடம் முதலில் மரீன் டிரைவ் ஜிம்கானாவில் இருந்தது. கடற்கரைச் சாலைப் பணி வந்தபோது கிராஃபர்டு மார்க்கெட் பக்கம் கமிஷனர் அலுவலக வளாகத்துக்கு மாறியது. ஒவ்வொரு நவம்பர் 26ஆம் தேதியும் கவர்னர், முதல்வர், மந்திரிகள் வந்து மலர் வைப்பார்கள். இறந்தவர்களின் குடும்பங்கள் வருவார்கள். காகாவுக்குப் பல வருஷம் அந்த நாளில் அங்கேதான் பந்தோபஸ்து. விடியற்காலையில் போய் வெளியே சாலையில் நிற்க வேண்டும், கார்கள் போகிற வரை. தனக்கென்று ஒரு பூ வைக்க அவருக்கு நேரம் வாய்த்ததில்லை.

ஓய்வு பெற்ற பிறகு முதல் முறையாகப் பூவோடு போனார், காக்கூவையும் கூட்டிக்கொண்டு. தடுப்பில் நின்ற இளம் கான்ஸ்டபிள், "பாபா, விஐபி போகட்டும்" என்று நிறுத்திவிட்டான். காகாவுக்குக் கோபம் வரவில்லை. எத்தனை மணிக்கு வந்தாய், சாப்பிட்டாயா என்று கேட்டாராம். அஞ்சு மணிக்கு, இன்னும் இல்லை என்றிருக்கிறான். காக்கூ தங்களுக்குக் கட்டிவந்த சப்பாத்தியையும் உருளைக்கிழங்கு பாஜியையும் எடுத்து அவனிடம் கொடுத்தார். பக்கத்தில் இன்னும் நாலு பேர் நின்றார்கள், அது போதவில்லை என்று வீட்டுக்கு வந்து வருத்தப்பட்டார்.

அதற்கடுத்த வருஷத்திலிருந்து அந்தக் காலையில் எங்கள் சாலில் மூன்று வீட்டில் அடுப்பு எரிகிறது. காக்கூ வீட்டில் சப்பாத்தி, எதிர்வீட்டில் போஹா, எங்கள் வீட்டில் எலுமிச்சை சாதம். காகா டப்பாக்களைப் பைகளில் அடுக்கிக்கொண்டு ஆறேகால் லோக்கலில் போகிறார். போன தடவை நானும் போனேன்.